புளியங்கொட்டைப் பை

“விரலைப் பிரிக்க வேண்டாமுங்க அக்கா” என்றார் சண்முகவேல், வாசற்படிக்கு வெளியே நின்றபடி.

உள்ளே பெண்கள் அவர் மனைவி சாரதாமணியைக் குளிப்பாட்டி, புதுச்சேலை சுற்றி முடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ரங்காத்தாள் அவளுடைய வலது கையை மடியில் ஏந்தி, மூடிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குள் ஒரு சின்னப் பை இருந்தது. மஞ்சள் பனியன் துணியில் தைத்துப் புளியங்கொட்டை அடைத்த, உள்ளங்கையில் அடங்குகிற பை.

“வெத்தல பாக்கு வெக்கோணுமுங்க தம்பி. சுமங்கலியாப் போற பொம்பளைய வெறுங்கையோடவா அனுப்பறது?”

“வெறுங்கை இல்லீங்களே.”

ரங்காத்தாள் மதுமதியைப் பார்த்தாள். மதுமதி, சாரதாமணியின் தங்கை. பிறந்த வீட்டுச் சேலையோடு அவிநாசியிலிருந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தவள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

“மாமா, பிசியோக்காரர் அன்னைக்கே சொன்னாரல்லங்க. வாதம் வந்த கை தானா மூடிக்கும், தொறக்கறதுதான் செரமம்னு. அக்கா பிடிச்சுட்டாங்கன்னு நீங்களா நெனச்சுக்கறீங்க.”

காலையிலிருந்து சண்முகவேல் தனக்குள் கேட்டுக்கொள்ளவே பயந்திருந்த கேள்வியை அவள் எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டாள். பிடித்தாளா, கை தானாக மூடிக்கொண்டதா?

“செரி உடு கண்ணு” என்றாள் ரங்காத்தாள். “வெத்தலைய இடது கையில வெச்சுக்கலாம். டீச்சரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர் டிரம்கள் விளிம்பு தட்டி நின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் நிட்டிங் கம்பெனியின் காற்றாடி வழக்கம்போலச் சுற்றி, பஞ்சுத் துகள்களை வெயிலுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அவை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மறந்துபோன ஒரு வேலைக்காக நிற்பவை போல அந்தரத்தில் நின்றன. வேலம்பாளையத்தில் தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு மட்டும் உலகத்தில் எதுவுமே கீழே இறங்காது என்று அவருக்குத் தோன்றியது.

சாரதாமணி தெருக்கோடியில் இருக்கும் தொடக்கப்பள்ளியில் பி.டி. டீச்சர். பிள்ளைகளுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அவள் பந்தை எடுக்கவே மாட்டாள். முதலில் துணி. மெல்லிய பனியன் துணித் துண்டை உயரே வீசினால் அது அவசரமே இல்லாமல் ஆடி ஆடி வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து, கைகளை விரித்துக் காத்திருக்கும். தமிழ் தெரிந்த பிள்ளை, இந்தி பேசுகிற பிள்ளை எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில் ஒரே முகம். துணி பழகிய பிறகு புளியங்கொட்டைப் பை. அது துள்ளாது, உருண்டோடாது, கையில் விழுந்தால் உட்கார்ந்துகொள்ளும். பந்து அதற்கும் பிறகுதான். பாடம் முடியவில்லை, பி.டி. பீரியடை விட்டுக்கொடுங்கள் என்று மற்ற டீச்சர்கள் வந்து கேட்டால், “ஓடற புள்ளைக்கு ஓடத் தெரியும்னு நெனச்சுக்கறீங்க. விழத் தெரியுதான்னு பாத்தீங்களா?” என்பாள்.

மதிய உணவுப் பையோடு அவர் பள்ளிக்குப் போகிற நாட்களில் அவளுடைய குரல் மைதானத்துக்கு வெளியிலேயே கேட்கும். “கைக்கு வந்ததும் வேலை முடியல சாமி. நெஞ்சோட இழுத்து அணைச்சுக்கோணும். அப்பத்தான் அது உன்னுது.” எறிகிறவர்களுக்கு வேறொரு சட்டம். “எறிஞ்சுட்டுத் திரும்பிக்கிட்டா என்ன அர்த்தம்? அது போய்ச் சேர்ற வரைக்கும் உங் கண்ணு அதுகூடவே போகோணும்.”

தை மாதம் அவளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே அவள் இடது கையை நீட்டி அலமாரியைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டக் காட்டத் தலையசைத்து மறுத்துக்கொண்டே வந்து, மஞ்சள் துணியைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தாள். அன்றிலிருந்து அவர் எறிகிறவர், அவள் ஒன்றாம் வகுப்பு. துணியிலிருந்து பைக்கு வர ஆடி மாதம் ஆகிவிட்டது. பை அவளுடைய வலது உள்ளங்கையில் விழும், விரல்கள் யோசிக்கும், அதற்குள் சரிந்து போர்வையில் உருளும். அவள் உதட்டின் ஒரு பக்கம் சிரிக்கும். மறுபடி என்று அர்த்தம்.

இன்று காலையும் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர் பையை எறிந்தார். அது கையை விட்டுக் கிளம்பிய அதே நேரத்தில் பின்பக்கக் குழாய் உஸ்ஸென்று காற்றை ஊதியது. தண்ணீர்! வாரக்கணக்கில் வராத தண்ணீர். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இந்தத் தெருவில் சோற்றில் வைத்த கையைக்கூட எடுத்துவிட்டு ஓடுவார்கள். அவரும் ஓடினார். ஹோஸைச் செருகி, டிரம்களை ஒவ்வொன்றாக நிரப்பித் திரும்பி வந்தபோது சாரதாமணி கதவுப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். கண்கள் அசையவில்லை. அவர் அவளுடைய கையைப் பார்க்கவில்லை. ரங்காத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார்.

எறிந்தது போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பை இன்னும் அந்த அறையின் நடுவில், கட்டிலுக்கும் அவருக்கும் இடையே, பஞ்சுத் துகளைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இங்கயா நிக்கிய?” பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ஜெபக்குமார் வந்து பக்கத்தில் நின்றார். டீச்சருக்கு வெட்டுத்துணி மூட்டை கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். “வேனுக்குச் சொல்லிட்டேன், இப்ப வந்துரும்.” மதிலில் சாய்ந்துகொண்டார். “ஒருநாளு வேஸ்ட் மூட்டைய எறக்கிட்டு நிக்கேன், டீச்சரம்மா என்னையப் பாத்து, ‘மாஸ்டர், ஒத்தக்கால்ல நில்லுங்க’ன்னாவ. வெளையாடுதாவன்னு நெனச்சேன். நின்னா, பொத்துன்னு மூட்டை மேலயே விழுந்துட்டேன். பிள்ளைய எல்லாம் சிரிக்கும்னு பாத்தா கையத் தட்டுது! விழுந்தா கைதட்டணுமாம், சட்டமாம்.”

சண்முகவேலுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் மதில்மேல் கையை வைத்துக்கொண்டார்.

தெருவில் வேன் திரும்பும் சத்தம் கேட்டு ஜெபக்குமார் முன்பக்கம் போனார். கை கழுவ ரங்காத்தாள் சொம்போடு வந்தாள்.

“இன்னைக்குன்னு பாத்துத் தண்ணி வந்துச்சே, அதைச் சொல்லுங்க. இத்தன சனம் வந்து போற ஊடு.” சொம்பை முக்கி எடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தம்பி, ரொம்ப நேரமெல்லாம் செரமப்பட்டிருக்க மாட்டாங்க. மனச உட்றாதீங்க. கடைசீல நெஞ்சு வலி வந்திருக்குமாட்ட இருக்குது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நானு உள்ள வந்தப்ப இடது கையால வலது கையத் தாங்கி, நெஞ்சோட சேத்து வெச்சிருந்தாங்க. அந்தப் பையும் கைக்குள்ளதான் இருந்துச்சு. நாந்தான் கண்ண மூடி, கையக் கீழ எறக்கி நேரா வெச்சேன்.”

“நெஞ்சோடவா?”

“ஆமாங்க. இதா, இப்படி.”

தளும்பத் தளும்ப இருந்த சொம்பை அவள் இரண்டு கையாலும் நெஞ்சுக்கு இழுத்துக் காட்டினாள். முழங்கைகள் மடங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டன. தண்ணீர் சிந்தி ரவிக்கை நனைந்தது. அறுபது வயதைத் தாண்டிய ரங்காத்தாள் ஒரு கணம் மைதானத்தில் நிற்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாள்.

“வலியாத்தானுங்க இருக்கும்” என்றாள் அவள்.

“இருக்குமுங்க” என்றார் சண்முகவேல். சொம்பை வாங்கி அவள் கைகளுக்கு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார்.

வேன் கிளம்பியபோது பள்ளிப் பிள்ளைகள் சிலர் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள். வெகுநேரம் சும்மா நின்றதில் அலுத்து, சாக்கடைத் திண்டின் விளிம்பில் ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து, கைகளைச் சிறகு போல விரித்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். யாரோ அதட்டினார்கள். “உடுங்க, நடக்கட்டும்” என்று ஜன்னல் வழியே சொன்னார் சண்முகவேல்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மின் மயானத்தில் எல்லாக் காரியமும் அவர்தான் செய்தார். வாய்க்கரிசி போட்டு, கற்பூரத்தை ஏற்றி வைத்தார். அங்கே வேலை செய்பவர், மூடிய வலது கையைக் குனிந்து பார்த்தார்.

“உள்ள என்னங்க?”

“புளியங்கொட்டைங்க.”

“வெடிக்குமேங்க.”

“வெடிச்சா வெடிக்கட்டுமுங்க.”

அந்த ஆள் உடல் கிடந்த தட்டை நகர்த்தினார். இரும்புத் தண்டவாளத்தில் அது ஓசையில்லாமல் போகத் தொடங்கியது.

“அவ்வளவுதானுங்க சாமி. திரும்பிப் பாக்காம நேரா நடங்க” என்றார் சடங்கு செய்துவைத்தவர்.

உறவுக்காரர்கள் வாசலைப் பார்த்து நடந்தார்கள். சண்முகவேல் நின்ற இடத்திலேயே நின்றார்.

“சாமி, கொள்ளி வெச்சவங்க நிக்கக் கூடாதுங்க.”

“ஒரு நிமிசமுங்க.”

தட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. சேலையின் கரை மறைந்தது, பூமாலை மறைந்தது. விரல்களுக்கு நடுவே தெரிந்த மஞ்சள் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. அவர் இமைக்கவில்லை. வயிற்றுக்கு நேராக, உள்ளங்கைகள் மேலே பார்க்க, அவருடைய இரண்டு கைகளும் எப்போதோ விரிந்திருந்தன.

கதவு மேலிருந்து மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. அவர் வெறும் கைகளை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, வாசலைப் பார்த்து நடந்தார்.