ஜன்னலோரம் கேட்ட வசந்தம்

சான் ஹெர்வாசியோவின் வசந்தகாலம் காரில் போகும்போது பின் சீட்டின் இடதுபக்க ஜன்னலோரத்தில்தான் உட்காரும். வேறு இடம் காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆலங்கட்டியாகக் கொட்டிவிடும். அதன் எடை, இறைச்சிக்கடை பசிலியோவின் கண்மதிப்பில், பால்குடி மறந்த ஒரு கன்றுக்குட்டி. அது ஏறிய காரின் பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்திருந்ததை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். பிறந்ததிலிருந்து கன்றுகளையே தூக்கியவர் சொன்னால் தப்பாது. பரனா ஆற்றின் இரு கரையிலும் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. தன் வசந்தத்தின் எடை தெரிந்த ஊர் இது ஒன்றுதான்.

ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த வில்மாரும் ஆணிக்கடையில் வேலை பார்த்த யானினாவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில், ஊரே போர்வைக்குள் இருந்த கடுங்குளிரில், கல்யாணம் செய்துகொண்டார்கள். தேனிலவு என்று எங்கும் போகவில்லை. வில்மாரின் மாமா தன் பழைய காரைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார்; அதன் ஒரு கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது, மறுகதவு எப்போது திறக்கும் என்பது கதவின் விருப்பம். குளிர் விட்டதும் சனி ஞாயிறெல்லாம் ஊர் சுற்றிப் பழி தீர்த்துக்கொள்வதென்று இருவரும் முடிவு செய்தார்கள். செப்டம்பரின் முதல் சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் மொத்தமும் கதவடைத்துத் தூங்கும் வேளையில் கிளம்பினார்கள். அந்த வேளையில் சான் ஹெர்வாசியோவில் நாய் குரைத்தால் அடுத்த நாள் நாயின் சொந்தக்காரர் வந்து வருத்தம் தெரிவிப்பார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே கிளம்பினாலும் எதிர்ப்படுகிறவரை "வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும், அது மரியாதை. "இல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அது அதைவிடப் பெரிய மரியாதை. சவப்பெட்டி சுமந்து போகிறவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள், செத்தவரிடமிருந்தே மறுப்பு வந்ததாகவும் பேச்சு. அன்று சதுக்கத்தில் ஆள் அரவமே இல்லை. பழக்க தோஷத்தில் வில்மார் காலியான தெருவைப் பார்த்து, "பின் சீட்டு காலி, யாராச்சும் வர்றீங்களா?" என்று கூப்பிட்டான். மறுக்க ஒருவரும் விழித்திருக்கவில்லை. அன்று காலையில்தான் ஊருக்கு வந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல் குழாயடியில் நின்றுகொண்டிருந்த வசந்தத்துக்கு இந்த ஊர் மரியாதையெல்லாம் தெரியாது. கூப்பிட்டார்கள், ஏறிக்கொண்டது. திறக்காத கதவு தானாகத் திறந்தது என்று யானினா சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததை அக்கம்பக்கத்து மாவட்டங்களெல்லாம் பார்த்தன. அவர்கள் ஆற்றங்கரையில் போர்வை விரித்து, சுரைக்குடுக்கையில் மாத்தே இலைத் தேநீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலில் மாறிமாறி உறிஞ்சத் தொடங்கியதும், போர்வையைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு வசந்தம் வட்டமாகப் பரவியது. வட்டத்துக்குள் லபாச்சோ மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து வெடித்தன. வட்டத்துக்கு வெளியே புல் உறைபனியில் மொறுமொறுத்தது. விளிம்பில் மேய்ந்த ஒரு குதிரைக்கு முன்பாதி குளிர்கால முடி உதிர்ந்து பளபளவென்றும் பின்பாதி கம்பளிபோலவும் இருந்ததால் அதன் சொந்தக்காரர் அதை இரண்டு குதிரைகளாக விற்க முயன்றார். வில்மாரும் யானினாவும் ஞாயிறு சாயங்காலம் மூக்கு தோலுரிந்து, கார் நிறைய தேனீக்களோடு திரும்பி வந்தார்கள். ஊர்க்காரர்கள் கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து பார்த்தார்கள். வசந்தம் காரை விட்டு இறங்கவில்லை. அதற்கு ஊர் சுற்றும் ருசி தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பார்கள். ஆனால் இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளைகள் போர்வை விரித்தது போசோ ஓந்தோவில். எதிர்க்கரை ஊர். சான் ஹெர்வாசியோவின் வசந்த விழாவில் ஊர் அழகி கையில்லாத கவுனில் ரதம் ஏறி, உதடு நீலமாகி, பசிலியோவின் கம்பளிப் போர்வைக்குள் சுருண்டு கையசைத்துக்கொண்டிருந்தபோது, அக்கரையில் போசோ ஓந்தோக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் குதிக்கும் சத்தம் இக்கரைவரை கேட்டது.

"நம்ம ஊரு வசந்தம்யா அது!" என்று பசிலியோ வெட்டுக்கத்தியைக் கட்டையில் இறக்கினார். "அவனுங்களுக்கா? அவனுங்க ஊர்ல உக்கார ஒழுங்கா ஒரு பெஞ்சு உண்டா?"

ஊரே கொதித்தது. கொதிக்காதவர் ஒரே ஒருவர், யானினாவின் அம்மா தோன்யா எர்மிண்டா. ஊரை ஒட்டிய பீச் பழத்தோட்டம் அவருடையது. பூத்துக் குலுங்க வேண்டிய மரங்கள் விளக்குமாற்றுக் குச்சிகளாக நின்றன. ஆனால் வசந்தம் காரில் போகிறது என்பதை மட்டும் அவர் ஒப்பவே இல்லை. அவருக்குக் கோபம் வேறு திசையில், மருமகன்மேல்.

"ரொட்டி வாங்கிட்டு வாடான்னு அனுப்புனா பாதி வழியில எதுக்கு வந்தோம்னு மறந்துட்டு நிக்கிற பய," என்றார். "இவன் வசந்தத்தைக் கூட்டிட்டுப் போறானாம். அது இவன் பின்னாடி போகுதாம். எம்பொண்ணு போனா, சரி, அவ புத்தி அவ்வளவுதான். வசந்தத்துக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

மரங்களுக்கு வயதாகிவிட்டது, அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. அந்த மாதம் முடிவதற்குள் பூக்காவிட்டால் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டு யூகலிப்டஸ் நடப்போவதாக அறிவித்து, பிடுங்குகிறவர்களிடமும் பேசிவிட்டார். அந்தத் தோட்டத்தில்தான் யானினா நடை பழகினாள். ஒவ்வொரு மரத்துக்கும் அவள் பேர் வைத்திருந்தாள். அவள் அழுதாள் என்றும், அழுதுகொண்டே வியாழக்கிழமை வந்ததும் சனிக்கிழமைப் பயணத்துக்காக, கறி அடைத்துச் சுடும் எம்பனாதாவுக்கு மாவு பிசைந்தாள் என்றும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மை.

சர்ச்சுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வசந்தம் ஊர்ப் பொதுச்சொத்து, அதைத் தனியார் உல்லாசத்துக்குப் பயன்படுத்துவது அக்கிரமம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். காரின் சக்கரங்களைக் கழற்றிவிடுவதென்று முடிவானது. அப்போது யானினா எழுந்தாள். ஆணிக்கடையில் நாள் முழுக்க இரும்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது.

"வருஷா வருஷம் நம்ம ஊருக்குத்தானே வந்துச்சு? உங்கள்ல யாராவது ஒருத்தர் வெளிய வந்து பாத்தீங்களா? அது வர்ற நேரம் நீங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் குறட்டை விட்டீங்க. முழிச்சதும் தும்மல் வருதுன்னு அதையே திட்டுனீங்க. என் புருஷன் ஒருத்தன்தான் அதை 'வர்றியா'ன்னு கேட்டான். கேட்டது குத்தமா?"

கூடத்தைவிட்டு எல்லோரும் நேராகக் காரிடம் போனார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். பசிலியோ ஒரு சக்கரத்தைத் தன் குளிர்பெட்டியில் பூட்டி வைத்தார்.

ஆனால் வசந்தம் காரை விட்டு இறங்க மறுத்தது. வில்மார் வீட்டு முற்றத்தில் கல்லின்மேல் நின்ற காருக்குள் சீட்டெல்லாம் புல் முளைத்தது. ஸ்டீயரிங்கில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியது. பின்பெட்டிக்குள் புகுந்த கோழி குஞ்சுகளோடு வெளியே வந்து, வெளியே அடித்த குளிரைப் பார்த்துவிட்டு, குஞ்சுகளைத் திரும்ப உள்ளே ஓட்டியது. ஊருக்குள்ளோ முன்னைவிட மோசம். கோபித்துக்கொண்ட வசந்தம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டதால் தெருவில் ஒரு துளிகூடக் கசியவில்லை. சூப் கரண்டியோடு உறைந்தது. பசிலியோவின் மூச்சு மீசையில் தொங்கியது. மாதக் கடைசியில் ஊர்க்காரர்களே ஆளுக்கொரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, முணுமுணுத்தபடி மாட்டிக் கொடுத்தார்கள். போய்த் தொலையட்டும், போகிற வழியிலாவது கொஞ்சம் சிந்தட்டும் என்பது எண்ணம்.

அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல ஊர் தூங்கும் வேளையில், கார் புறப்பட்டது. தோட்டத்து வாசலில் தோன்யா எர்மிண்டா கையில் கோடரியோடு நின்றிருந்தார். திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு மரத்திலும் அடையாளம் வெட்டிக்கொண்டிருந்தார். தூக்கம் வராத அளவுக்கு அவருக்குக் கோபம். வில்மார் காரை நிறுத்தினான். மாமியாரைத் தாண்டிப் போகும்போது கேட்காமல் போனால் என்ன மரியாதை?

"வர்றீங்களா, அத்தே?"

"வர்றேன்டா!" என்றார் தோன்யா எர்மிண்டா.

அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை மனித வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. "பின் சீட்டுல என்ன இருக்குன்னு நானே பாக்குறேன். ஒண்ணும் இல்லேன்னா நாளைக்கு ஊர் நடுவுல நின்னு சொல்லுவேன், எம்மாப்பிள்ளை மட்டுமில்ல, ஊரே முட்டாப்பய கூட்டம்னு." கோடரியை வேலியில் சாய்த்துவிட்டு, கதவைத் திறந்து, நேராக இடதுபக்க ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, "எங்க போறோம்?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் யானினா.

கொஞ்ச தூரம் போவதற்குள் அவர் குரல் மாறியிருந்தது என்று யானினா பிற்பாடு சொன்னாள். "வண்டியைத் திருப்பு," என்றாராம். "நம்ம தோட்டத்துக்கே போ. கலியாணமாகி வந்த நாள்லேருந்து அதுல வேலைதான் செஞ்சிருக்கேன். ஒரு நாளாவது அங்க உக்காந்து ஒரு வாய் மாத்தே குடிச்சிருக்கேனா?"

நான்கு மணிக்கு ஊர் விழித்து ஜன்னல்களைத் திறந்தபோது, தோட்டம் கடைசி வரிசைவரை பூத்திருந்தது. தேனீக்களின் இரைச்சலில் சர்ச்சு மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. நடுவில் போர்வை விரித்து மூன்று பேர் எம்பனாதா தின்றுகொண்டிருந்தார்கள். வேலியில் சாய்த்திருந்த கோடரியின் காம்பில் ஒரு பசுந்தளிர். பசிலியோ ஓடி வந்து மூச்சிரைக்க, "பாத்தீங்களா தோன்யா?" என்று கேட்டார். "சூடான வடக்குக் காத்து," என்றார் தோன்யா எர்மிண்டா, வாயில் எம்பனாதாவோடு. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பல வருடங்கள். வில்மாரும் யானினாவும் சனிக்கிழமைகளில் வெளியூர் போவதை நிறுத்தவில்லை. ஆனால் செப்டம்பரின் முதல் சனிக்கிழமை ஊருக்குள்ளேயே ஒரு சுற்று என்று ஒப்பந்தமானது. அன்று மட்டும் ஊரில் யாரும் தூங்குவதில்லை. எல்லோரும் வாசலில் போர்வை விரித்துக்கொண்டு, கார் வந்ததும் எழுந்து நின்று, "வாங்க, வாங்க" என்கிறார்கள். வில்மாருக்கும் யானினாவுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் வலதுபக்கம்தான் உட்காரும். தோன்யா எர்மிண்டாவைக் கேட்டால் மட்டும் ஒவ்வொரு வருடமும் வடக்குக் காற்று, ஒவ்வொரு வருடமும் அதே பதில். பாதிரியார் பாவமன்னிப்புக் கூண்டில் வைத்துக் கேட்டும் காற்றுதான்.

போன வசந்த விழாவுக்கு, இரு ஊர்ச் சமாதானத்துக்காக, போசோ ஓந்தோவின் மேயரை அழைத்திருந்தார்கள். மரியாதைக்குத்தான் அழைத்தார்கள்; வந்துவிட்டார். வறுத்த கறிக்கு முன்னால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பழைய வருடம் வசந்தம் தானாகவே ஆற்றைக் கடந்து தங்கள் ஊருக்கு வந்ததென்றும், யாருடைய ஓட்டைக் காரிலும் அது ஏறவே இல்லையென்றும் சொன்னார். வில்மார் தலைகுனிந்தான். தோன்யா எர்மிண்டா கைத்தடியால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பொய் சொல்லாதேய்யா! ஏறலையா? நான் அது இடத்துல உக்காந்துட்டேன்னு என் மடியில ஏறி உக்காந்துச்சு. என்னா கனம்! தொடை ரெண்டும் மரத்துப்போச்சு. புதுப் பாவாடை, பூரா ஈரம். ஒரு வார்த்தை, 'மன்னிச்சுக்க, எர்மிண்டா'ன்னு கேட்டுச்சா? தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டே வந்துச்சு!"