நிர்வாகம் நடக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான்தான். பதினாறு வருடங்களுக்கு முன், வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'இந்த டிரஸ்ட் எந்த இடத்திலிருந்து நிர்வகிக்கப்படுகிறதோ, அந்த இடத்தின் சட்டமே இதற்குப் பொருந்தும்.' எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். அந்த வரிக்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்வாள் என்று தோன்றவில்லை.

2

'மழை கொட்டிய ஒரு மாலையில் நர்ஸம்மா குளியலறையில்...' வேண்டாம். அவர் விழுந்தது காலையில். வெளியே நல்ல வெயில்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாள், இடுப்பில் அடி. வேறு நாட்டில் குடியிருக்கும் மகன் ஓடிவந்து கூடவே வரச் சொன்னான். அவருக்கும் ஆசைதான். ஆனால் இறந்துபோன அண்ணன் தன் வீட்டை 'என் பிள்ளைகளுக்கு' என்று டிரஸ்ட் எழுதி, தங்கையான நர்ஸம்மாவைப் பொறுப்பில் வைத்திருந்தார். அண்ணன் பெற்ற மகனுக்குக் கப்பலில் வேலை. மூத்தவள் அண்ணன் மனைவியின் முதல் கல்யாணத்து மகள். மூன்று வயதிலிருந்து அண்ணன் வளர்த்தவள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கப்பல்காரனுக்கு முப்பது வயதானதும் வீட்டைப் பிரிக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வருடம்.

3

வக்கீல் பொறுமையாக விளக்கினார். நர்ஸம்மா எங்கே உட்கார்ந்து முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறாரோ, அதுதான் நிர்வாக இடம். இங்கே இருந்தால் வளர்த்த பிள்ளையும் பிள்ளை. மகனோடு போய்விட்டால், அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பெற்ற பிள்ளை மட்டுமே பிள்ளை; மூத்தவளுக்குப் பங்கில்லை.

(வேறொருவரிடம் பொறுப்பை மாற்றலாமே என்பீர்கள். பத்திரத்தில் இருந்த மாற்று ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். கொன்றது நானல்ல, சர்க்கரை வியாதி. கோர்ட் மூலம் புது ஆள் போட மூன்று வருடமாகும்.)

4

கப்பல்காரனை வில்லனாக்கப் பார்த்தேன். ஆள் வளைந்து கொடுக்கவில்லை. "சட்டப்படி செய்யுங்க அத்தை" என்றதோடு சரி. நல்லவனும் அதைத்தான் சொல்வான், கெட்டவனும் அதைத்தான் சொல்வான்.

5

கடையைப் பூட்டிவிட்டு மூத்தவள் வந்தாள். பெட்டியைத் திறந்து, அத்தையின் புடவைகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள்.

"வீடு போனா போகட்டும். நீங்க தனியா விழுந்து கிடக்க வேணாம்."

(இங்கே அவளை அழவிட்டிருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். அவள் அழவில்லை.)

நர்ஸம்மா ஒவ்வொரு புடவையாக எடுத்து வெளியே வைத்தார்.

"நான் போனா, நீ எங்கண்ணனுக்கு மக இல்லேன்னு ஒரு காகிதம் சொல்லும். அதுல கையெழுத்து நான்தான் போடணும். அது என்னால ஆகாது."

6

அவர் போகவில்லை. மூத்தவள் தன் கட்டிலை அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாள். மகன் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பினான்; எட்டு நாள் பேச்சில்லை. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது: மாமா மகளுக்காக அம்மா தன்னை விட்டுவிட்டாள் என்று நினைக்கிறான். அதை மறுத்து நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கும் பொய்யாக வந்தன.

ஒன்பதாம் நாள் அவன் போனில் கூப்பிடுகிறான். நர்ஸம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து எடுக்கிறார். "அம்மா" என்கிறான். அடுத்த வரியை நான் அடிக்கப்போவதில்லை. நீங்களும் யாருக்கோ பிள்ளைதான், நீங்களே சொல்லுங்கள்.