அண்ணன் குனிந்த காரணம்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடத்தைத் தூக்கியதுமே விஜயசங்கர் இடுப்பு ஒடிந்தாற்போல் குனிந்தார். துக்கம் தாளவில்லை போலும் என்று நையாண்டி மேளக்காரர்கள் அடியை இன்னும் ஏற்றினார்கள்.

அப்பா நாறும்பூநாதனுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. நேற்றுக் காலையில் இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணச் சாவு. குற்றாலத்துச் சாரல் தென்காசித் தெருவரைக்கும் வந்திருந்தது; பேரன் பேத்திகள் நனைந்துகொண்டே ஆடினார்கள்.

"அப்பா மேல என்னா பாசம் பாரு, நிமிரவே மாட்டேங்கான்," என்றார் பக்கத்து வீட்டுக் குமரகுரு.

தங்கை இராமலட்சுமி நம்பவில்லை. அண்ணன் அழுகிற ஆளே இல்லை. அவருடைய வலது கை வேட்டிக்கு மேல் தொடையிடுக்கை அழுத்திப் பிடித்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், உடம்பு கொதித்தது.

"என்னத்தண்ணே மறைக்கீய?"

"ஒரு வீக்கம்ட்டி. மூணு வருசமா இருக்கு. படுத்தா உள்ள போயிரும். நேத்துலேர்ந்து போவல."

குடத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அண்ணனை ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டர் ஹஸீபா அழுத்திப் பார்த்தார். "குடலிறக்கம்தான். ஆனா குடல் மாட்டியிருந்தா வயிறு உப்பி வாந்தி எடுத்திருக்கணும். இவங்களுக்குக் காய்ச்சல்லா ஏறுது." ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "குடல்வால் அண்ணாச்சி. அப்பெண்டிக்ஸ் எறங்கி வந்து அதுக்குள்ள வீங்கிக் கெடக்கு. வெடிச்சா ஆபத்து. இப்பவே ஆப்பரேசன்."

"கொள்ளி வச்சிட்டு ஓடி வந்திருதேன்."

இராமலட்சுமி ஒப்புதல் தாளை வாங்கி அண்ணன் முன்னால் நீட்டினாள். அப்பாவோடு அண்ணனுமா?

"கையெழுத்தப் போடுங்க. கொள்ளி நான் வைக்கேன்."

"நீயா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு நீங்க பாசத்துல குனிஞ்சியன்னுல்லா சொல்லிச்சு. அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

அவரை ஆப்பரேசன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் சுடுகாட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் விஜயசங்கர் நன்றாகத் தெளிந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி, "ஊரு என்ன சொல்லிச்சு?"

"மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. குமரகுரு அண்ணாச்சிதான் முன்னால நின்னு ஆடுனாவ."

"மொட்ட?"

"அதுக்கு ஒங்க தல வருதுன்னு சொல்லிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்க வைக்காதட்டி, தையல் பிரிஞ்சிரும்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின்மேல் அவளும் கை வைத்து அழுத்திக்கொண்டாள். குளித்தும் போகாத கரி அவள் நகக்கண்ணில் இருந்தது. அவர் அந்த விரலைப் பிடித்தவர் விடவில்லை.