வளையத்தில் நின்ற கப்பல்

கணவர் இறந்தபின் தையல்காரி அவருடைய கணினியைத் திறந்தது ஒரு ஞாயிறு மதியம். அவர் ஆடிக்கொண்டிருந்தது விண்வெளியில் நிலையம் கட்டும் விளையாட்டு. திரையில் பெரிய வளையம் சுழன்றது. அதன் விளிம்பில் ஒரு சின்னக் கப்பல். அதற்கு ‘மூக்கி’ என்று பெயர் வைத்திருந்தார். அவளையும் அப்படித்தான் கூப்பிடுவார். கப்பல் வெடவெடவென்று நடுங்கியது. கண்ணெதிரே ஓர் இறக்கை பிய்ந்து பறந்தது. பதறிப்போய், கூடத்தில் இருந்த கொழுந்தனை அழைத்தாள். அவன் வந்து திரையைப் பார்த்தான்.

"வெறும் கொக்கியில நிக்குது, அண்ணி. சுத்தற வேகத்துல உதறுது. வளையத்தை நிறுத்திடலாமா?"

"வேண்டாம் தம்பி. உங்கண்ணன் அது சுத்தறதைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுவாரு."

"அப்போ கப்பலை நிலையத்தோட சேர்த்து ஒட்டிடலாம். ஆடாது. ஆனா அப்புறம் பறக்காது."

அவள் திரையில் கப்பலின் பெயரை விரலால் தொட்டாள்.

"ஓட்டறவரே போயிட்டாரு. பறந்து எங்க போகப்போகுது? ஒட்டிடுங்க."

ஒட்டினான். நடுக்கம் நின்றது, கப்பல் வளையத்தோடு அமைதியாகச் சுற்றியது.

"அணைச்சிடட்டுமா, அண்ணி?"

"கொஞ்ச நேரம் சுத்தட்டும்" என்றவள், கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.