யாருமில்லை என்ற பதில்

ஒரு நிரல்மொழியின் நூலகத்தில், பழைய இயங்குதளம் ஒன்றுக்கான பகுதியை கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் இசக்கிசெல்விதான் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் சோதனைகள் தேறாவிட்டால் அதை நீக்கிவிடுவோம் என்று நூலகத்தை நிர்வகிப்பவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்த அன்று பார்த்து அவளுடைய கணினி செத்துப்போனது.

அந்த இயங்குதளம் ஓடும் இன்னொரு கணினி, மிளகுக் கிடங்கில் எடைபோடும் சஜியிடம் இருந்தது. நிரலின் நகல் இருந்த பென்டிரைவோடு அங்கே ஓடினாள்.

"ஒரு மணிக்கூர் தாங்க சேட்டா. என் பகுதிய அவங்க நீக்கிட்டா உங்க எடை புரோகிராமையும் இனி புதுக்க முடியாது."

"லோடு நிக்குதே மோளே," என்றவர், இருந்தும் அவளுக்கு இடம்விட்டு எழுந்துகொண்டார்.

மூன்று முறை தோற்ற சோதனை நான்காவது திருத்தத்தில் தேறியது. கிடங்கில் இணையம் இல்லாததால் இன்டர்நெட் கடைக்கு ஓடி முடிவை அனுப்பும்போது மணி ஐந்தே கால். பகுதியை நீக்கியிருந்தார்கள். திரும்பச் சேர்க்கும்படி அழுதுகொண்டே எழுதினாள்.

மறுநாள் பதில் வந்தது: "வருந்துகிறோம். இதைப் பயன்படுத்துவோர் யாருமில்லை."

அவள் சொன்னதைக் கேட்ட சஜி, "அப்போ நான் ஆரு?" என்றார்.