சமையல் மேடையில் கிடந்தது

ராஜாத்திக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினால் போதும், அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வாய் வைத்த டம்ளர், சோற்றில் முடி, சுவரில் பல்லி, எதைக் கண்டாலும் குமட்டும். மகள் ஜெயப்ரியா சின்ன வயதில் வாந்தி எடுத்தால் முதலில் பிள்ளையைக் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம் தானும் கொல்லைப்பக்கம் போய் ஒரு முறை எடுத்துவிட்டுத்தான் வருவாள். அப்படிப்பட்டவளின் சமையலறைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கல்.

தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர்கள் புது வீடு கட்டியிருந்தார்கள். கணவர் சென்னகிருஷ்ணன் முன்பு முட்டைக்கோசும் தக்காளியும் போட்டவர். இப்போது பாதி நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டிக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். புது வீட்டில் எல்லாமே அடுத்தவன் வீட்டில் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஊரு பூரா கறுப்பு கிரானைட்டுதான் போட்டுக்கினு கீறானுங்க. நம்ம வூட்ல அது வேணாம்" என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கிற கல் டிப்போக்களில் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். கடைசியில் காப்பித்தூள் நிறத்தில், சாம்பல் ரேகை ஓடிய ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த சுண்ணாம்புக் கல்லாம். மேடையில் பதித்து மெருகேற்றியபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராஜாத்திக்கும் பிடித்திருந்தது.

புதுமனை புகுந்து சில நாள் கழித்து ஒரு காலையில், சப்பாத்தி தேய்த்து முடித்த மேடையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பலகை வைத்துத் தேய்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, மேடைமேலேயே மாவைப் போட்டுத் தேய்ப்பாள். கிழக்கு ஜன்னல் வெயில் கல்லின்மேல் சாய்வாக விழுந்தது. கல்லில் இருந்த மெல்லிய கோடுகளில் மாவு அப்பிக்கொண்டு நின்றது. அந்தக் கோடுகள் வட்டமாக ஓடின. சாசர் அளவுக்கு ஒரு வட்டம், சுற்றிலும் பூவிதழ் அடுக்கினாற்போலச் சின்னச் சின்னத் தகடுகள். வட்டத்திலிருந்து நீளமாக ஒரு மூக்கு போயிற்று. மூக்கின் இரண்டு ஓரத்திலும் நெருக்கமாக, கூர்கூராக என்னவோ. அவள் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தாள்.

பற்கள்.

துணியை விட்டுவிட்டுப் பின்வாங்கினாள். இப்போது முழுவதும் தெரிந்தது. அந்த வட்டம் கண். கண்ணுக்குப் பின்னால் காசுமாலை போல முதுகெலும்பு அடுப்பு வரைக்கும் ஓடியது. விலா எலும்புகள் விசிறியாகக் கிடந்தன. அவள் மாவு உருட்டுகிற இடம் சரியாக அதன் முகம்.

போட்ட சத்தத்தில் ஜெயப்ரியா பிரஷ்ஷும் வாயுமாக ஓடி வந்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது அவளுக்கு.

"என்னாம்மா, பாம்பா?"

"இத்தினி நாளும் பொணத்து மேல மாவு பெசஞ்சிருக்கேன்டி" என்றாள் ராஜாத்தி. மேடையைத் தாண்டித் தொட்டிக்குப் போக மனம் வராமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். சுட்டு வைத்த சப்பாத்தி அத்தனையும் நாய்க்குப் போயிற்று.

சென்னகிருஷ்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், டிப்போக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னார். "பாத்தியா, நூறு பலகை கெடந்துச்சி. நான் கையி வெச்சது இதும்மேல!" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

"எடுத்துப் போட்டுட்டு வேற கல்லு போடுங்க."

"பைத்தியமா உனக்கு? இது எவன் வூட்ல இருக்குது?"

"எவன் வூட்லயும் அடுப்பாண்ட பொணம் இருக்காது. அதனாலதான் இல்ல."

அவர் கேட்கவில்லை. கேஸ் அடுப்பும் பாத்திரமும் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போயின. புது வீடு கட்டிய ராஜாத்தி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் வைத்தாள்.

சேதி கல்லாவி வரைக்கும் போனது. அங்கேயிருந்து சென்னகிருஷ்ணனின் பெரியப்பா மகன் கோவிந்தப்பன் புறப்பட்டு வந்தார். சாமி விஷயம், பங்காளிச் சண்டை, நிலப் பேச்சு எதுவானாலும் முன்னால் நிற்கிற ஆள். உதட்டுக்குள் எந்நேரமும் புகையிலை அதக்கியிருப்பார். மேடையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டேய் கிருஷ்ணா, இது மச்சாவதாரம்டா. பெருமாளு தானா உன் வூடு தேடி வந்துகீறாரு."

ராஜாத்தி சாமி கும்பிடுகிறவள்தான். சனிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுவாள். ஆனால் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், பல் தெரிய வாயைப் பிளந்து கிடக்கிற எலும்பைப் பெருமாள் என்று ஒத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவளை யார் கேட்டார்கள்? கோவிந்தப்பன் அந்தக் கண் வட்டத்துக்குள் மஞ்சளும் குங்குமமும் குழைத்து அப்பினார். மேடை விளிம்பிலேயே தேங்காய் உடைத்தார். பால் ஊற்றினார். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அவர்களும் பால் கொண்டு வந்தார்கள்.

ஊற்றிய பாலெல்லாம் தொட்டிக்குள் போகவில்லை. கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் இறங்கிற்று. வாரம் திரும்புவதற்குள் வீட்டுக்குள் நுழைந்தாலே ஒரு புளித்த வீச்சம் அடித்தது. குங்குமக் குழம்பில் எறும்பு மொய்த்தது. ஊறின மஞ்சள் கண்ணிலிருந்து வழிந்து, பல்வரிசை வரைக்கும் ஓடிக் காய்ந்திருந்தது, சீழ் மாதிரி. வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டு, எண்ணெய்க் கையும் வியர்வைக் கையும் பட்டுக் கல் பிசுபிசுத்தது. அவர்கள் போன பிறகு ராஜாத்தி மூக்கில் துணி கட்டிக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கழுவுவாள். கையால் தொடமாட்டாள்.

ஜெயப்ரியாதான் படம் எடுத்து, தன்னோடு வேலை செய்கிற தோழிக்கு அனுப்பினாள். தோழியின் அக்கா ஹரிணி பெங்களூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துகிறவள். படத்தைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, தோளில் ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். தமிழில் தட்டுத் தடுமாறினாள். "கன்னடத்துலயே சொல்லும்மா, எனக்குப் புரியும்" என்றாள் ராஜாத்தி.

ஹரிணி முதலில் வெந்நீரும் பஞ்சும் கேட்டு வாங்கி, குங்குமத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து, மூக்கு கல்லில் படுகிற மாதிரி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். அவள் மூக்கு அதில் பட்டுவிடுமோ என்று ராஜாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இது மீன் இல்லை என்றாள் ஹரிணி. பார்க்க மீன் மாதிரி இருக்கும், கடலிலேயே கிடக்கும், ஆனால் மூச்சு விட மேலே வரும். இக்தியோசார் என்று பேர். பல்லி, முதலை எல்லாம் இருக்கிற ஊர்வன வகை. பல கோடி வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்து, அடியோடு அழிந்து போன இனம்.

"பல்லியா?" என்றாள் ராஜாத்தி. மீனாக இருந்திருந்தால்கூட அவள் ஒருவிதமாகத் தேற்றிக்கொண்டிருப்பாள். மீன் சமைக்கிற வீடுதான். ஆள் நீளத்துக்கு ஒரு பல்லி! அவளுக்கு நாக்கின் அடியில் உப்பாகத் தண்ணீர் ஊறியது.

ஹரிணி விலா எலும்புகளுக்குள் விரல் காட்டினாள். உள்ளே மெல்லிசாக, ஊசி கோத்தாற்போல வேறு முதுகெலும்புகள் தெரிந்தன. முதலில், தின்ற மீனாக இருக்கும் என்று நினைத்தாளாம். இல்லை. அதனுடைய குட்டிகள். இது முட்டை போடாது, குட்டி போடும். வால் பக்கத்தில் ஒரு குட்டி பாதி வெளியே இருந்தது. வால் வந்துவிட்டது, தலை இன்னும் உள்ளே.

"பிரசவத்துலயே செத்துப்போச்சா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

அப்படித்தான் தெரிகிறது, செத்த பிறகு உடம்பு அழுகும்போது தள்ளப்பட்டதாகவும் இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது என்றாள் ஹரிணி. ரொம்ப அபூர்வம், கல்லூரிக் காட்சியகத்துக்குக் கொடுத்தால் பத்திரமாக வைப்போம், இப்படிப் பாலும் புளியும் பட்டால் சுண்ணாம்புக் கல் அரித்துப் போகும் என்று சென்னகிருஷ்ணனிடம் மன்றாடினாள். அவர் சிரித்துக்கொண்டே, "அப்புறம் பாக்கலாம் மேடம், காப்பி சாப்புடுங்க" என்றார்.

ராஜாத்திக்கு அன்று ராத்திரி சோறு செல்லவில்லை. அந்தப் பிராணியின்மேல் அவளுக்குப் பிரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. நினைத்தாலே உடம்பு கூசத்தான் செய்தது. ஆனால் ஜெயப்ரியா பிறந்தபோது தருமபுரி ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த கிடையும் கூடவே ஞாபகம் வந்தது. கதவு திறந்தே கிடந்தது, போகிற வருகிறவனெல்லாம் எட்டிப் பார்த்தான். மறுநாள் ஒரு பழைய புடவையை எடுத்து மேடையை மூடினாள்.

புடவை நிற்கவில்லை. மச்சாவதாரம் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய சென்னகிருஷ்ணனுக்கு இப்போது அதைவிட ருசியான கதை கிடைத்திருந்தது. வீட்டு மனை வாங்க வருகிறவர்கள், கட்சிக்காரர்கள், ஓசூரில் பழக்கமான கம்பெனி மேனேஜர் என்று தினம் யாராவது வந்தார்கள். எல்லோருக்கும் அவர் புடவையை விலக்கிக் காட்டினார். நேராக வால் பக்கம்தான் போவார்.

"இங்க பாரு, இங்க! குட்டி வெளிய வருது பாரு!"

பார்த்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள், ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். ராஜாத்தி கொட்டகையிலிருந்து டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோவிந்தப்பன் வந்திருந்தார். கூட அவர் சேத்தாளிகள் இரண்டு பேர். முன்பு பெருமாள் என்று கும்பிட்ட கை, குட்டிக் கதையைக் கேட்டதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. டீ டம்ளரை அந்தத் தாயின் வயிற்றின்மேல் வைத்தார். ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"தள்ளு தாயி, தள்ளு! நல்லா முக்கு!" என்று பொம்பளைக் குரலில் முனகிக் காட்டினார்.

சிரிப்பு வெடித்தது. சென்னகிருஷ்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கோவிந்தப்பன் வாயிலிருந்து புகையிலைச் சாறு தெறித்து, அந்தச் சின்ன எலும்புகளின்மேல் பழுப்பாக விழுந்தது. அதை அவர் அதே விரலால் வழித்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நிலைப்படியில் டீத் தட்டோடு நின்றிருந்த ராஜாத்திக்கு அடிவயிற்றிலிருந்து பிரட்டிக்கொண்டு வந்தது. இதுவரைக்கும் எதைப் பார்த்தும் அப்படி வந்ததில்லை. எலும்பு அல்ல, பல்லி அல்ல. இந்த விரல், இந்த வாய், கூடச் சேர்ந்து சிரிக்கிற தன் வீட்டு ஆள்.

"எழுந்து வெளிய போங்க" என்றாள்.

யாரும் தங்களைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கோவிந்தப்பனைப் பார்த்தாள்.

"உங்களத்தான் மாமா. எழுந்து வெளிய போங்க. இனிமே இந்த வூட்டு அடுப்படில கால் வெக்காதீங்க."

"ஏய், பெரியவங்ககிட்ட என்னா பேச்சு பேசற?" என்று எழுந்தார் சென்னகிருஷ்ணன்.

"பெரியவரு பண்ற வேலையா இது? பொம்பளை வலியில கெடக்கறத நடிச்சிக் காட்றாரு, நீங்க பல்ல இளிக்கறீங்க. உங்க அம்மாவும் இப்பிடித்தான முக்கிப் பெத்தாங்க? பொண்ணு ஒண்ணு வெச்சிக்கினு இருக்கீங்க, நாளைக்கு அவளுக்கும் இதான? தூ!"

அவள் காறித் துப்பவில்லை, அந்தச் சத்தம் மட்டும்தான் வந்தது. ஆனால் அது போதுமானதாக இருந்தது. கோவிந்தப்பன் துண்டை உதறிக்கொண்டு, "கல்லுக்குப் போயி இந்த ஆட்டமா?" என்று சொல்லியபடி படியிறங்கினார். ராஜாத்தி கொட்டகைக்குப் போய்த் தேங்காய் உரிக்கிற கடப்பாரையை எடுத்து வந்து மேடையில் சாத்தி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு ஹரிணிக்குப் போன் பண்ணி எடுத்துக்கினு போவச் சொல்லுங்க. இல்லன்னா நானே ஒடச்சிப் போட்டுடுவேன். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

சென்னகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். வாசலில் செருப்பு மாட்டுகிறவர்கள் காதில் விழாதபடி, "நீயே பண்ணு" என்று முணுமுணுத்துவிட்டுக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சந்தையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

மறு வாரம் ஹரிணி ஆட்களோடு லாரியில் வந்தாள். பசையை அறுத்து, உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கிண்ணிகளை ஒட்டிப் பலகையைத் தூக்கினார்கள். தூக்கியதும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அடியில் திரிந்து கட்டியான பால் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது, அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. லாரிக்காரர் ஒருவர் வாசலுக்கு ஓடினார். ஹரிணியே முகத்தைச் சுளித்தாள். ராஜாத்தி மட்டும் பினாயிலும் வாளியுமாக உள்ளே இறங்கினாள். புழுவை வாரிக் கொட்டினாள், கரண்டியால் சுரண்டினாள், சுவர் வெளுக்கிற வரைக்கும் தேய்த்தாள். இடையில் இரண்டு முறை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை.

சென்னகிருஷ்ணன் ஒரு மாதம் போல அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோவிந்தப்பன் வீட்டு வளைகாப்புக்கு இவர்களுக்கு அழைப்பு வரவில்லை. ராஜாத்தி அதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. மேடைக்குச் சாதாரண வெள்ளை டைல்ஸ் ஒட்டச் சொன்னாள்.

ஒரு நாள் சென்னகிருஷ்ணன் யாரிடமும் சொல்லாமல் பெங்களூர் போய், அந்தக் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்களாம். யாரும் கிட்டே போகாதபடி கயிறு கட்டியிருக்கிறார்களாம். ராஜாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தார். போனை நீட்டினார்.

"சுத்தமா வெச்சிருக்காங்க. கீழ குடுத்தவங்க பேரு போட்டுக்கீறாங்க, பாரு. உன் பேருதான் போடச் சொன்னேன்."

ராஜாத்தி நிமிராமலே, இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சோறு திங்கறப்ப அத காட்டாதீங்க" என்றாள். பிறகு, "கை கழுவிக்கினு வாங்க, சோறு போடறேன்" என்றாள்.