குங்குமம் வைத்த டிஸ்க்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க இலவச மென்பொருள் தேடினேன். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை, உமாசங்கர்தான் அகப்பட்டார்.

முதல் வரி: ‘கரமனை ஆற்றின் மேல் அன்று மழை…’ (வேண்டாம். மழைக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்? எனக்கே அலுப்பாக இருக்கிறது.)

2

உமாசங்கர் கரமனை அக்கிரகாரத்துக்காரர், கணக்காளர். அவருடைய பழைய டிஸ்க் ‘டிக் டிக்’ என்று முனகத் தொடங்கிவிட்டது. மகள் அனுஷா மூன்று வயதில் தமிழ் பேசிய வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போனதிலிருந்து அவளுக்கு வீட்டிலும் மலையாளம்தான்.

“அப்பா, இதொக்கெ அன்னே க்ளவுடில் இடண்டே?”

அன்றே கிளவுடில் ஏற்றியிருக்கலாம்தான். தோன்றவில்லை, பாவம்.

3

இலவசம் என்று வந்த ஒரு மென்பொருள் பாதி வழியில் பணம் கேட்டது. இன்னொன்று கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு மௌன விரதம் இருந்தது. மூன்றாவதை ஒரு யூடியூப்காரன் சிபாரிசு செய்தான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். பார்க்காவிட்டால் அது கூரையையே மேய்ந்துவிடும்.

அவன் ஓர் எச்சரிக்கையும் சொன்னான்: முனகுகிற டிஸ்க்கைத் திறந்து பார்க்காதே, நேரே நகலெடு.

4

புதிய டிஸ்க்கும் அதே கம்பெனி, அதே அளவு. அதனாலென்ன? வருஷாவருஷம் சரஸ்வதி பூஜையில் வைத்த பழையதில் குங்குமம் இருக்குமே! குங்குமம் இருந்ததையே முதலில் செருகி, நகலெடுக்க வேண்டிய மூலம் என்று தேர்ந்தெடுத்தார்; குங்குமம் இல்லாதது இரண்டாவது டிஸ்க்.

மனைவி திவ்யலட்சுமி காலையிலேயே புதியதைப் பழவங்காடி கணபதி சந்நிதியில் வைத்து, பொட்டிட்டுக் கொண்டுவந்திருந்தாள். பழையதை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தும்விட்டாள்.

(இப்படி ஒருத்தி செய்வாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கேட்டேன்.

“டாக்டர்கிட்ட போறச்சே மூஞ்சி அலம்பிண்டுதானே போவா?” என்றாள்.

செய்வாள்.)

5

முடிவு ஒன்று: அவர் பொத்தானை அழுத்துகிறார். வெறுமை முழுவதும் ஒழுங்காக நகலாகி…

முடிவு இரண்டு: திவ்யலட்சுமி காபியோடு உள்ளே வந்து…

வரமாட்டாள். தொந்தரவு கூடாதென்று அவர்தான் கதவைத் தாழிட்டிருக்கிறார். அவள் வெளியே டம்ளரோடு நிற்கிறாள். எனக்கோ கை ஓயவில்லை, மனசுதான் ஓய்ந்துவிட்டது. இரண்டில் எதையும் எழுத மாட்டேன்.

‘இரண்டாவது டிஸ்க்கில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும். சம்மதமா?’ என்று திரை கேட்கிறது. உமாசங்கரின் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. கதவைத் தட்டுவதானால் நீங்கள்தான் தட்ட வேண்டும்.

துடைத்து வைத்த டிஸ்க்குக்குள் மூன்று வயது அனுஷா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: “அப்பா, பஸ்ஸுக்கு வயிறு வலிக்கறதா? ஏன் இப்படிக் கத்தறது?”